சோக்கில் தொங்கிய செபமாலை

உயிலங்குளத்தில் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு பழைய பிக்கப் கறுப்புப் புகை கக்கி, விக்கி விக்கி வந்து நின்றது. பின்னாலிருந்த மீன்பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி ஒழுகியது. ஓட்டி வந்தவர் பொனெற்றைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளேயிருந்த மனைவியிடம் வந்தார்.

“செபமாலையைக் கழட்டு. வண்டி ஓடும்.”

“சந்தைக்குப் போக முதல் மீன் பழுதாகப்போகுது. நீங்கள் மாதாவில பிழை பிடிக்கிறியள்.”

“அதைக் காத்தை அடைக்கிற சோக் பிடியில தொங்கவிட்டிருக்கிறாய். குலுங்கக் குலுங்கச் சோக்கை வெளிய இழுக்குது. காத்துப் போகாமல் எஞ்சின் மூச்சு முட்டுது.”

மனைவி கழற்றினார். அவர் சோக்கை உள்ளே தள்ளினார். எஞ்சின் சீராக ஓடியது.

“இப்ப சரிதானே?”

“எஞ்சின் சரி. நான் இதைப் போட்டது பிரேக்குக்காக.”

அவர் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்தார்.

“அப்ப கையில வைச்சுச் செபம் சொல்லிக்கொண்டு வா.”