நான்கு பக்கத்துக்குள்

நான்கு பக்கத்துக்குள் எழுதச் சொன்னால் நான் நான்கு பக்கத்துக்குள்தான் எழுதுவேன். ஓரத்தைச் சுருக்குவது, எழுத்தைச் சிறிதாக்குவது, பின்னிணைப்பு என்று பெயர் வைத்து மீதியைத் திணிப்பது, இதெல்லாம் எனக்கு ஆகாது. ஆய்வகத்தில் இதற்காக என்னை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் கொடுத்த இந்தத் தாளிலும் கோடு தாண்டாமல்தான் எழுதுகிறேன், கவனித்திருப்பீர்கள்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. கட்டுரையில் உள்ள மூன்றாவது படத்தை ஏன் அவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தேன் என்று. அதற்கு வருகிறேன். முதலில் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால் உங்களுக்கே பாதி விளங்கிவிடும்.

நாங்கள் பிசின் செய்கிறவர்கள். பலகைகளை ஒட்டுவதற்கான பிசின். சில திரவங்களை ஒரு விகிதத்தில் கலந்து, ஒரு சூட்டில் வைத்தால் கெட்டிப்படும். எந்த விகிதம், எவ்வளவு சூடு என்பதுதான் எங்கள் பிழைப்பு. கலப்பதும் சூடாக்குவதும், கெட்டிப்பட்டதை எடை போட்டு எழுதுவதும் என் சகலையின் வேலை. என் மனைவியின் தங்கை கணவர். அவரை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். எந்தப் பொருளையும் கையில் வாங்கியதுமே இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'தராசு'. அவர் நோட்டில் எழுதும் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இதுவரை யாரும் செய்து பார்க்காத கலவைகளில் எது நன்றாக வரும் என்று கணிக்க அதற்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

அறிவியலில் இயந்திரக் கற்றலைப் பயன்படுத்துவது பற்றி வருடா வருடம் ஒரு பயிலரங்கு நடக்கிறது. நான்கு பக்கம், அதற்கு மேல் ஒரு வரி கூடாது. எழுதியவர் யார் என்று மதிப்பிடுகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதால் பெயர், நிறுவனம், நன்றியுரை எதுவும் இருக்கக்கூடாது. மூன்று வருடமாக அனுப்பினேன், மூன்று முறையும் திருப்பிவிட்டார்கள். போன முறை ஒருவர் 'நல்ல முயற்சி' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருடம் எங்கள் தலைவர் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்தத் தடவையும் வரலைன்னா உங்க பிரிவை மூடிடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கம்ப்யூட்டர் சொல்ற புதுக் கலவை ரெண்டு மூணை நிஜமாவே செஞ்சு காட்டுங்க. அவங்க அதைத்தான் கேக்கறாங்க."

ஐம்பத்திரண்டு வயதில் வேறு பிரிவுக்குப் போய், நேற்று வந்தவரிடம் கைகட்டி நிற்க எனக்கு மனமில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் கணிப்பு அப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாக வந்துகொண்டிருந்தது. சமர்ப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலை, மொத்தம் எத்தனை சோதனை செய்தோம் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் இருநூற்றிரண்டு இருந்தது. சகலையின் நோட்டில் இருநூற்று நாற்பது. முப்பத்தெட்டு இடிக்கிறது.

கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சில கலவைகள் சூடேறியதும் அடங்காமல் பொங்கும், சில குடுவையோடு வெடிக்கும். எடை போட ஒன்றும் மிஞ்சாது. வேலைக்கு வந்த புதிதில் எடைக் கட்டத்தில் அவர் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டிருந்தார். நான்தான் திருத்தினேன். எடை போட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றால்தான் பூஜ்யம், எடையே போடவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அதுதான் நேர்மை என்றேன். அன்றிலிருந்து காலியாக விட்டு, ஓரத்தில் 'பொங்கியது' என்று சின்னதாக எழுதிவைத்தார். ஓரத்தில் எழுதுவதை நான் ஏற்றுவதில்லை. காலிக் கட்டம் உள்ள வரியைக் கம்ப்யூட்டர் தானாகவே தூக்கிப்போட்டுவிடும். அப்படிச் செய்யச் சொல்லி எழுதிவைத்ததும் நான்தான், எங்கள் தொழிலில் வழக்கமாகச் செய்வதுதான். ஆகவே பொங்கும் கலவை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நன்றாக வரும் என்றே சொல்லும்.

முப்பத்தெட்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்றுக்கு இறங்கியது. மறுபடி அவற்றை வெளியே எடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் இருநூற்றிரண்டு என்று எழுதினேன். இதில் பொய் எதுவும் இல்லை. எடை போட்டவை இருநூற்றிரண்டுதான்.

வியாழக்கிழமை காலை மூன்று கலவைகளின் சீட்டை சகலையிடம் கொடுத்தேன். முதல் இரண்டும் சாது. ஏற்கெனவே செய்தவற்றைக் கொஞ்சம் மாற்றியவை, மதியத்துக்குள் அழகாகக் கெட்டிப்பட்டுவிட்டன. அவற்றை மட்டும் காட்டினால் இதில் என்ன புதுசு என்று கேட்பார்கள். மூன்றாவதுதான் புதுசு. அதைப் படித்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"சகலை, இது பொங்குமே. போன வருஷம் இதே மாதிரி ஒண்ணு வச்சோம். கூரையில போய் ஒட்டிக்கிச்சு, அங்க பாருங்க, இன்னும் சுரண்டலை."

"அது வேற விகிதம்."

"பெரிய வித்தியாசம் இல்லையே. கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"நல்லா வரும்னு சொல்லுது. தொண்ணூத்தாறு."

"அப்பச் சரி. அதுக்கு நம்மளைவிடத் தெரியும்."

அவருடைய நோட்டிலிருந்துதான் அது எல்லாம் கற்றது என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. புதன்கிழமை பார்த்ததைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

குடுவையை ஒரு கூண்டுக்குள் வைத்துத்தான் சூடாக்குவோம். முன்பக்கம் தடித்த கண்ணாடி, மேலே ஏற்றி இறக்கலாம். இறக்கிவிட்டால் எது தெறித்தாலும் உள்ளேயே நின்றுவிடும். வருடக்கணக்கில் பிசின் பட்டுப்பட்டு அந்தக் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. படம் தெளிவாக விழவில்லை. கொஞ்சம் ஏற்றச் சொன்னேன்.

"ஒரே ஒரு படம். உடனே இறக்கிடலாம்."

"என் மூஞ்சி விழுந்தா யாருன்னு தெரிஞ்சிடுமே, பரவாயில்லையா?"

"மூஞ்சியை நான் அப்புறம் வெட்டிடறேன்."

அவர் சிரித்தார். படத்தில் குடுவையும் அவருடைய வலது கையும் தெளிவாக விழுந்திருக்கின்றன. அடுத்த நொடி பொங்கியது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதல் நான்கு நாள் பேச்சு இருந்தது. கண்ணாடியை உடனே இறக்காமல் விட்டது தன் தப்பு என்றே என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த நிலையில் அவரை அலட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே கட்டுரையைச் சமர்ப்பித்தேன். அங்கே நெட் நன்றாகவே கிடைத்தது. மூன்றாவது கலவையை நான் மறைத்துவிட்டதாக உங்கள் அதிகாரி சொல்கிறார், அது சரியில்லை. விகிதம், சூடு எல்லாவற்றையும் நானே ஏற்றினேன். எடை போட ஒன்றும் இல்லாததால் கட்டத்தைக் காலியாக விட்டேன். கம்ப்யூட்டர் அந்த வரியைத் தூக்கிவிட்டது. எடை போட்ட இரண்டும் கணித்தபடியே வந்தன என்று எழுதினேன். வியாழக்கிழமை எடுத்த படத்தை, சோதனை செய்யும் முறை என்று மட்டும் குறிப்பிட்டு மூன்றாவது படமாகப் போட்டேன்.

பத்தாம் நாள், எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, என் மச்சினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"மாமா, அது பொங்கினப்ப நீங்க அவர் பக்கத்துல இருந்தீங்களே, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

நான் தலையை ஆட்டினேன். அந்த ஒன்று மட்டும் இப்போதும் என்னை உறுத்துகிறது. நான் பக்கத்தில் இல்லை.

இப்போது உங்கள் கேள்வி. வழக்கமாகப் படம் எடுக்கும்போது அவர் தோளை ஒட்டி நிற்பேன். அன்று கதவருகே நின்று, பெரிதாக்கி எடுத்தேன். கதவை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தேன். பதினொரு அடி என்று அளந்திருக்கிறீர்கள், சரியாகத்தான் இருக்கும். பொங்காமல் வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் கால்கள் நப்பாசையை நம்பவில்லை. அது பொங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சீட்டைக் கொடுத்தேன், தெரிந்துதான் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன், தெரிந்துதான் தள்ளி நின்றேன். குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மூன்று பேர் மதிப்பிட்டிருக்கிறார்கள். படம் மிகத் தெளிவு என்று அதில் ஒருவர் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இறுதிப் பிரதியை அனுப்ப வேண்டும்; நான் எங்கே இருந்தாலும் ஒரு கம்ப்யூட்டர் கிடைக்க நீங்கள் ஏற்பாடு செய்தால் உதவியாக இருக்கும். இந்தப் பிரதியில் பெயர்களைப் போடலாம். நன்றியுரையும் சேர்க்கலாம், ஆனால் அதுவும் அந்த நான்கு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். சகலைக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையை நான் குறைக்க மாட்டேன் என்று மச்சினியிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த வரியைச் சேர்த்தால் ஐந்தாம் பக்கத்துக்கு வழிகிறது. படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் அடங்கும், ஆனால் படம் கெட்டுவிடும். இடம் கிடைத்தால் அவர் பெயரைக் கட்டாயம் போடுவேன்.