பத்துக்கு ஒன்பது

இல்ல தஹ்ஸீன், டீ வேண்டாம். வந்ததைச் சொல்லிடறேன், அதுக்கப்புறமும் கொடுக்கணும்னு தோணினா கொடுங்க. ஸ்ரீரங்கத்துலேர்ந்து தென்னூர் வரைக்கும் பஸ்ல ஒத்திகை பார்த்துட்டு வந்திருக்கேன்; விட்டா வெயிலைப் பத்திப் பேசிட்டுக் கிளம்பிடுவேன்.

பள்ளிப் பிள்ளைங்களுக்குன்னு தமிழ்லயே ஒரு கணினி மொழி பண்ணினோமே, அந்த விஷயம்தான். கோபம் இல்லைங்கறீங்க. நீங்க குழுவை விட்டுப் போயி ரெண்டு வருஷம், ஒரு போன் கிடையாது. சரி, அதுக்குப் பேர் கோபம் இல்லைன்னே வச்சுப்போம். பேர் வைக்கறதுல நமக்குள்ள என்னிக்கு ஒத்து வந்திருக்கு.

போன வாரம் மணப்பாறையில, நம்ம மொழியை முன்னோட்டமாச் சொல்லித்தர்ற ஒரு ஸ்கூலுக்குப் போயிருந்தேன். வீராயின்னு ஏழாம் கிளாஸ் பொண்ணு, நம்ம மொழியை வச்சுத் திரையில முறுக்கு வரையறா. ஒரு அடி போ, கொஞ்சம் திரும்பு. ஒரு அடி போ, கொஞ்சம் திரும்பு. நாப்பது தடவையும் கையாலயே அடிக்கறா. ஆவர்த்தனம்னு ஒரு சொல் போட்டா அதையே நாப்பது தடவை மெஷின் செய்யுமேம்மா, ஏன் போடலைன்னு கேட்டேன். அந்தச் சொல் பரீட்சைக்கு, டீச்சர்; இது வேலைக்குன்னா.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

அந்தக் கட்டளைக்குத் திரும்பச்செய்னு பேர் வைக்கலாம்னீங்க நீங்க. தண்டனை கொடுக்கற மாதிரி இருக்குன்னேன் நான். அப்புறம் நம்ம விதிப்படி சோதனை. அந்தச் சொல்லைக் கேட்டே இராத பத்துப் பிள்ளைங்ககிட்ட நாலு வரி காட்டணும், இது என்ன செய்யும்னு எட்டுப் பேராவது சொல்லணும். உங்க சொல்லுக்கு ஏழு பேர். என் சொல்லுக்கு ஒன்பது, எங்க தெருவுலேர்ந்து நான் கூட்டிட்டு வந்த பிள்ளைங்க. ஆறாம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஆவர்த்தனம் எப்படித் தெரிஞ்சுதுன்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. குழந்தைகளைக் குறைச்சு மதிக்காதீங்க தஹ்ஸீன்னு உங்களைத் திருத்தினேன். அத்தனை பேர் முன்னாடி.

திங்கட்கிழமை பாடப்புத்தகம் அச்சுக்குப் போறது. போயிட்டா அப்புறம் எந்தப் பேரையும் மாத்த முடியாது. அதான் குழுவுக்கு இந்தக் கடிதம். ஆவர்த்தனத்தை எடுத்துட்டு நீங்க சொன்ன சொல்லை வைக்கணும்னு எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க.

என்ன? ஆமா, கேப்பாங்க. பத்துக்கு ஒன்பது வாங்கின சொல்லை எதுக்கு எடுக்கணும்னு கேக்கத்தான் செய்வாங்க. அது ரெண்டாம் பக்கத்துல இருக்கு. கண்ணாடியைத் தேட வேண்டாம், நானே சொல்லிடறேன். எழுதிட்டேனே ஒழிய, இன்னும் ஒருத்தர்கிட்டயும் வாயால சொன்னதில்ல.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பிள்ளைங்களை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஆளுக்கு ஒரு தொன்னை புளியோதரை கொடுத்து, ஆவர்த்தனம்னா என்னன்னு எழுதிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பையன் மட்டும் வரல, காய்ச்சல்.

மறுநாள் தப்பாச் சொன்னது அவன் ஒருத்தன்தான்.