உள்கூரைத் துணியில் ஒரு கறை

பழைய காரின் உள்கூரைத் துணியை நனைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் துவான். நனைந்தால் பசை விட்டுப்போய்த் துணி தொப்பை போலத் தொங்கும். சோப்பை அடித்து, நுரையை மட்டும் எடுத்து ஒற்ற வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது வராது. எனக்கு அவசரம் கிடையாது.

என் மோரிஸ் ஐம்பத்தெட்டாம் ஆண்டு வண்டி. எங்கள் தைப்பிங் ஊரின் ஓயாத மழையிலும் அதன் உள்கூரை பால் நிறமாகவே இருந்தது. என் மனைவி சாடியா அதை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவாள். நான் தடுத்ததில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒருநாள், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கைக்கு மேலே ஒரு கறையைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு.

"யாரையாவது ஏத்திட்டுப் போனியா?"

"இல்லையேங்க. மழை ஒழுகியிருக்கும்."

மழைத் தண்ணீர் காய்ந்தால் ஓரத்தில் பழுப்புக் கோடு விழும். இதில் கோடு இல்லை. முகர்ந்து பார்த்தேன். தலைக்குப் பூசும் கிரீம் வாசனை. அந்தக் கிரீம் பூசுகிறவன், உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டுகிறவன், எங்கள் குடும்பத்தில் என் தம்பி ரித்வான்தான்.

நான் சத்தம் போடவில்லை. சோளமாவால் ஒற்றி எண்ணெயை இழுத்தேன், பிறகு நுரை, பிறகு மின்விசிறிக் காற்று. கறை போயிற்று. அடுத்த வாரம் அதே இடத்தில் வந்திருந்தது. எடுத்தேன். மறுபடியும் வந்தது. துணி மெலிந்துகொண்டே போனது.

"விடுங்களேன், பழைய வண்டிதானே" என்றாள் சாடியா.

ஒரு மாலை ரித்வானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பழைய ஈயச் சுரங்கக் குட்டைப் பக்கம் போனேன். வழியில் அவனே பேச்சை எடுத்தான். அண்ணனான என்னை அபாங் என்றுதான் கூப்பிடுவான்.

"அபாங், அண்ணிமேல கோவப்படாதீங்க. நான்தான் சொல்ல வேணாம்னேன். கண்ணு மங்கிக்கிட்டே வருது. ஈப்போவுல கண் டாக்டர்கிட்ட அண்ணிதான் கூட்டிட்டுப் போறாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என் பைக் சாவியப் புடுங்கி வச்சுக்குவீங்கல்ல?"

சிரித்தபடி பின்னால் சாய்ந்தான். அவன் தலை துணியில் பட்டு உரசியது.

அவன் சொன்னதை நான் நம்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குட்டையோரம் வண்டியை நிறுத்தி, கையைப் பிடித்து நடத்திப் போனேன். கரை சட்டென்று ஆழத்தில் இறங்கும் இடம் அது. அவனுக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயதில் கற்றுக்கொடுக்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

"முன்னால பலகை போட்டிருக்கு. நேரா நட."

"சரி அபாங்."

பலகை எதுவும் இல்லை. அவன் என்னைத்தான் கூப்பிட்டான். தண்ணீர் அடங்கும்வரை நின்றுவிட்டு, வண்டிக்குத் திரும்பி அன்றைய கறையை எடுத்தேன். புதுக் கறை லேசில் போய்விடும்.

காரணம் கேட்டால் துணி என்று எழுதுங்கள். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். என் மனைவியை நான் சந்தேகப்பட்டதே இல்லை. அவள் தலையணையைத் தினமும் முகர்ந்து பார்த்ததுகூட, அந்தக் கிரீம் வாசனை ஒரு துணியில் எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்துகொள்ளத்தான்.