சுத்தியலை இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் தட்டியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் கலைஞர் உறைவிடக் குழுவின் தலைவர் ஐயா அவர்களே, குழுவில் இருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, வங்கி மேலாளர் அவர்களே, மறைந்த நம் சுத்தியல் அண்ணனோடு உடன்பிறந்த அக்கா அவர்களே! முன்வரிசையில் இருக்கும், எங்கள் உறைவிடத்தில் முன்பு தங்கிப் போன கலைஞர்கள் பதினோரு பேரே! சுவரோரம் நிற்கும் கல் பட்டறைத் தொழிலாளிகளே! வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும் காவலர்கள் இருவரே! மூன்றாவது வரிசையில் என் மருமகள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மூன்றாம் அறைப் பெண்ணே! எல்லோருக்கும் என் வணக்கம். யாரையும் விட்டுவிடவில்லை என்று நினைக்கிறேன். வரவேண்டியவர்களில் வராதவர் ஒருவர்தான். அவர் மாலை அனுப்பியிருக்கிறார். அவர் கதையையும் சொல்லத்தான் போகிறேன்.

எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. உறைவிடத்துக்கு எதிர்வீட்டில் குடும்பம் நடத்துகிறவள். எழுத்தும் கணக்கும் நானாகக் கற்றுக்கொண்டவை. பல வருஷமாக உறைவிடத்தின் வரவு செலவைப் பார்ப்பதால், ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன். எழுதாமல் நின்றால் அழுதுவிடுவேன்.

சற்று முன் பேசியவர், "சுத்தியல் அண்ணன் சாந்தமே உருவானவர்" என்றார். மன்னிக்கணும். அவரா சாந்தமானவர்? கல்லை அடித்த கை அது! கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். நான் அவருக்குக் கொடுத்த டீ கிளாஸ்களில் பாதி சுவரில் மோதித்தான் உடைந்தன. அவரைச் சாந்தமாக்கி மாலை போட்டு மாட்டிவிடாதீர்கள். அவருக்கே பிடிக்காது.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? இளவயதில் அவர் டைல்ஸ் கம்பெனியில் கூலியாக இருந்தார். உடைந்த டைல்ஸின் பின்பக்கத்தில் கரியால் படம் போடுவார். அதற்காக மேஸ்திரி மண்வெட்டிப் பிடியால் அடித்த அடியில் தோள் எலும்பு விலகிப் போனது. பிறகு யாரோ ஒரு அச்சக முதலாளி, சும்மா கிடந்த ஒரு கொட்டகையை ஒரு வருஷம் இவருக்கு விட்டார். "சாவியைக் கையில குடுத்தாரு, போயிட்டாரு தங்கச்சி. என்ன பண்றேன்னு ஒரு நாள் எட்டிப் பார்க்கலை. அந்த ஒரு வருஷம்தான் என்னை மனுஷனாக்குச்சு" என்று என்னிடம் சொல்வார்.

அதைத்தான் அவர் மற்றவர்களுக்குச் செய்தார். சிலை செய்த கூலியில், மூடிக் கிடந்த மரம் அறுக்கும் மில்லை வாங்கினார். நான்கு அறைகள் ஆக்கினார். வளர்ந்து வரும் ஒரு கலைஞருக்கு ஆறு மாதம் ஓர் அறை, சாப்பாடு, மாதாமாதம் செலவுக்கு ஒரு நிதி. நிதியை அப்பன் கையிலோ புருஷன் கையிலோ கொடுக்கக் கூடாது. கலைஞர் கையில் கொடுக்கணும். பதிலுக்கு ஒன்றும் கேட்கக் கூடாது. இத்தனையும் எழுதாத சட்டம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. கதவைத் தட்டணும். உள்ளே இருந்து "வாங்க" என்று குரல் வந்தால்தான் திறக்கணும். வரவில்லையா, பேசாமல் திரும்பணும். பணம் கொடுத்தவர், குழுவில் இருப்பவர், அண்ணன், நான், யாராக இருந்தாலும்!

அவர் ஒன்று கூடுதலாகச் செய்வார். தட்டுவதற்கு முன்னால் கையில் இருக்கும் சுத்தியலை இறக்கி வைத்துவிடுவார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "சுத்தியலோட நிக்கறவனைப் பார்த்தா யாரு மனசார 'வாங்க'ன்னு சொல்லுவா?" என்றார்.

மாலை அனுப்பியவர் கதைக்கு வருகிறேன். சிமெண்ட் வியாபாரி. ஒரு அறைக்கு இரண்டு வருஷச் செலவை ஏற்றவர். அதை இல்லை என்று சொன்னால் எனக்குப் பாவம். ஒரு நாள் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கி, "நம்ம காசுல உள்ள என்னதான் நடக்குதுன்னு பார்ப்போம்" என்று இரண்டாம் அறைக் கதவைத் தட்டாமலே இழுத்துத் திறந்தார். உள்ளே ஒரு பஸ் கண்டக்டர். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுத் தோல் பொம்மை செய்ய வந்தவர். மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னய்யா இது, படுத்துக் கிடக்கான்? இதுக்கா காசு அழுதேன்?" என்றார் வியாபாரி.

முற்றத்திலிருந்து அண்ணன் வந்தார். கையில் சுத்தியலோடு நேரே காரிடம் போனார். கார் முன்கண்ணாடியில் ஒரே அடி! குழந்தைகள் அலறின. "வலிக்குதா? இப்ப நீ அங்க உடைச்சது இதைவிட விலை ஜாஸ்தி" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "அண்ணா, கை ரொம்ப நீளுது உங்களுக்கு. கண்ணாடிக்குக் கட்டின காசை எந்தத் தலைப்புல எழுதறது?" என்று கத்தினேன். "கதவுப் பராமரிப்புன்னு எழுதிக்கோ" என்றார். அப்படியே எழுதினேன். தணிக்கைக்காரர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அன்று படுத்துக் கிடந்த கண்டக்டர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். பொம்மையின் கழுத்து எப்படித் திரும்பணும் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். இன்று அந்தப் பொம்மைகளைப் பார்க்க டிக்கெட் எடுத்து உட்காருகிறார்கள் ஜனங்கள்!

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றி. அம்மா, உன்னைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

அவள் நேர்காணலுக்கு வந்தபோது இரண்டு விரலில் கட்டு. கொண்டுவந்தது மூன்றே படம், மூன்றின் ஓரமும் கருகியிருந்தது. மற்ற படங்களை அவளுடைய அண்ணன்மார் அடுப்பில் போட்டிருக்கிறார்கள். எடுக்கப் போன கையைப் பிடித்து விரலைப் பின்னால் மடக்கியிருக்கிறார்கள். மேலாளர், "உன் திட்டம் என்னம்மா?" என்று கேட்டார்.

"முதல்ல தூங்கணும் சார்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். "தூங்கறதுக்கா நிதி?" என்றார் மேலாளர். அண்ணன் மேசையில் ஓங்கிக் குத்தியதில் தண்ணீர் டம்ளர் உருண்டு டாக்டர் அம்மா மடியில் விழுந்தது. "ஆமாய்யா, தூங்கறதுக்குத்தான்! அடி வாங்கின உடம்பு முதல்ல தூங்கும். அப்புறம்தான் கை எழும்பும்!" அவளுக்கு மூன்றாம் அறை கிடைத்தது.

ஒரு வாரம் தூங்கினாள். தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன். அப்புறம் ஒரு நாள் காலையில் உளிச் சத்தம் கேட்டது. நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அண்ணன் சாமி கும்பிடாதவர். "நீ மேலே மனுப் போடு, நான் பேங்க்ல போடறேன், யாருக்கு முதல்ல சாங்ஷன் ஆகுதுன்னு பார்ப்போம்" என்று என்னைக் கேலி பண்ணுவார். அன்றைக்கு மட்டும், "உன் ஆளு கேட்டுட்டாரு போல" என்றார்.

மில்லில் கிடந்த பழைய மரங்களை இணைத்து, இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை. அதில் செதுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் "வாங்கக்கா" என்று உள்ளே கூப்பிட்டாள். பார்த்தேன். ஒரு சமையலறை. முகமே கிடையாது, வெறும் கைகள். பிடிக்கிற கை, முறுக்குகிற கை, தீயைத் தள்ளிவிடுகிற கை. உளி மரத்தைக் கிழித்திருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், பாதி விரல் உள்ளே போனது. நானும் ஒரு சமையலறையில்தானே நாள் முழுக்க நிற்கிறேன்? பலகை பாதிதான் முடிந்திருந்தது. இன்றும் பாதிதான்.

அந்தப் புதன்கிழமை காலை நானும் அண்ணனும் முற்றத்து பெஞ்சில் கரண்ட் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய அண்ணன்மார் இருவரும் தாய்மாமனும் வந்தார்கள். கையில் இரும்புக் கம்பி.

"எங்க வீட்டுப் பொண்ணை வெளிய அனுப்பு."

"இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றார் அண்ணன். சுத்தியலை என் பக்கத்தில், பெஞ்சில் வைத்தார். போய்க் கதவைத் தட்டினார். "மூணாம் ரூமு, உங்க அண்ணனுங்க வந்திருக்காங்க. பார்க்கறியாம்மா?"

உளிச் சத்தம் நின்றது. "இல்லண்ணா. பார்க்கலை."

திரும்பினார். "பார்க்கலையாம். போயிட்டு வாங்க."

"யோவ் கிழவா, தள்ளு. உடைச்சுக்கிட்டுப் போறோம்."

"நானே தட்டிட்டுதான் போறேன். நீ யார்றா?"

முதல் அடி முழங்காலில். இரண்டாவது காதுக்கு மேலே. அந்தச் சத்தத்தை எதற்கு ஒப்பிடுவேன்? ஒப்பிட மாட்டேன். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. அவர் அதில் முதுகைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரை இழுத்துப் போட்டால்தான் திறக்க முடியும். இழுத்தார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களை அடித்தார்கள். எத்தனை தலைவர்களின் சிலைகளுக்கு மூக்கும் கண்ணும் வைத்த விரல்கள்! கம்பியால், விரல் விரலாக!

உள்ளேயிருந்து அவள் கதவைத் தள்ளினாள். "அண்ணா, நகருங்கண்ணா! நான் போயிடறேன் அவங்களோட! விடுங்கண்ணா!" அவர் வாயெல்லாம் ரத்தம். "உன் வேலையைப் பாரு" என்றார். அவர் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

பெஞ்சில் இருந்த சுத்தியலை நான் எடுத்தேன். ஆமாம், நான்தான். கம்பி பிடித்திருந்த மூத்தவன் முன்கையில் அடித்தேன். எலும்பு முறிந்தது, கம்பி விழுந்தது. அதற்குள் பட்டறை ஆட்கள் ஓடிவந்து மூன்று பேரையும் தரையில் அமுக்கினார்கள். நான் அடித்ததும் வழக்கில் பதிவாகியிருக்கிறது, காவலர்களுக்குத் தெரியும். தினமும் பிரார்த்தனையில் மன்னிப்புக் கேட்கிறேன். முழு மனசோடு கேட்க இன்னும் வரவில்லை. கடவுள் காத்திருக்கட்டும்.

பெரியோர்களே! அண்ணனை அடக்கம் செய்த மூன்றாம் நாள் குழு கூடியது. மூன்றாம் அறைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டது. ரசீது என்னிடம் வந்தது, அப்படித்தான் எனக்கே தெரிந்தது. அவளுக்கு மீதி இருக்கும் நான்கு மாதத்தை "அவளுடைய பாதுகாப்பு கருதி" நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இனிமேல் விண்ணப்பிக்கும் பெண்கள் குடும்பத்தாரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி வரணும் என்றும் பேசியிருக்கிறீர்கள்.

யாரிடம் வாங்குவாள் ஐயா? கம்பி பிடித்த கையிடமா? மாவுக்கட்டுப் போட்டிருக்கிறதே, அந்தக் கையிடமா? அண்ணனைக் கொன்றது அந்த அறையா? அந்த அறையில் மட்டும்தானே அவள் அடி வாங்காமல் இருந்தாள்! அவளைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர்களால் முடியவில்லை. அவர்களால் முடியாததை நம் பூட்டு செய்து முடிக்க வேண்டுமா?

தலைவர் ஐயா மணியில் கை வைக்கிறார். அடித்துவிடாதீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். உங்களுக்குப் பயம் என்று தெரியும். எனக்கும் பயம்தான். ராத்திரி கேட் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பயப்படுவதில் தப்பில்லை.

அவள் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர், "இருக்கட்டும், நம்ம வீட்டுக்கும் கதவு இருக்கு" என்றுவிட்டார். ஆனால் அந்தப் பலகை எங்கள் வாசலில் நுழையாது. அளந்து பார்த்தேன். அறுத்தால்தான் நுழையும். "அறுத்துடுங்கக்கா" என்று அவளே சொல்கிறாள். நான் அறுக்க விடமாட்டேன்.

பட்டறைத் தொழிலாளிகள் முறை வைத்து வாசலில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கும் பதினோரு பேரும் ஆளுக்கு இரண்டு வாரம் வந்து தங்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சமையலும் கணக்கும் என் பொறுப்பு. சுத்தியல் அண்ணன் பெயரால் இதை இந்தச் சபையில் சொல்கிறேன். கல்லை அடித்தவரே, கண்ணாடியை உடைத்தவரே, ஒரு பெண்ணின் கதவை மட்டும் உடைக்க விடாதவரே! உங்கள் நான்கு அறைகளும் நடக்கும் அண்ணா.

வெள்ளிக்கிழமை அந்த மூன்று பேரின் ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது என்று வக்கீல் சொல்கிறார். அதற்கு முன்னால் அவள் எங்கே இருப்பாள் என்று எங்களுக்குத் தெரியணும். தலைவர் ஐயா, டாக்டர் அம்மா, மேலாளர் அவர்களே, மூன்றாம் அறை அவளுக்கு உண்டா, இல்லையா? வியாழக்கிழமை மாலைக்குள் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.