கைராசி என்று சொல்லாதீர்கள்

செராமிக் தொழிலாளர் சங்கத் தலைவர் அண்ணன் தங்கராசு அவர்களே! மேடையிலுள்ள பெரியோர்களே! மங்கலம்பேட்டையிலிருந்தும் வேப்பூரிலிருந்தும் ஆடு மாடுகளை அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் உறவுகளே! மறைந்த கால்நடை மருத்துவர் செல்வநாயகி அக்காவோடு பணியாற்றிய மருத்துவர் வேல்விழி நான். அழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டேன். இங்கே சண்டை போட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னீர்கள். கைராசிக்காரி! அந்தக் கை போய்விட்டது, இனி யார் இருக்கிறார் என்றீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் அக்காவுக்கு எவ்வளவு கோபம் வரும் தெரியுமா?

அவர் செய்தது மந்திரமா? மாட்டின் மண்டையோட்டிலும் முதுகெலும்பின் அடியிலும் உள்ளங்கையை மெத்தென்று வைத்து, உடம்பின் இறுக்கம் தளரும்வரை காத்திருப்பார். கிரேனியோசேக்ரல் சிகிச்சை என்று அதற்குப் பெயர். எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டார். காய்ச்சலுக்கு ஊசி போட்டார். அதற்கெல்லாம் பிறகுதான் கை வைத்தார். நோயெல்லாம் தீரும் என்று ஒருநாளும் அவர் கதை விட்டதில்லை. வலியோடு வந்த உயிர் மிரளாமல் நிற்கட்டும் என்றார், அவ்வளவுதான்.

கருவேப்பிலங்குறிச்சி கருப்பன் அண்ணனின் காளை களிமண் குழியில் விழுந்தது. எலும்புக்குச் சேதமில்லை. ஆனால் யாரையும் கிட்டே அண்டவிடவில்லை. இந்தச் சங்கத்தின் பின்னறைக்கு, அதாவது அக்காவின் சிகிச்சை அறைக்கு, ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"கயித்த வுடுங்க," என்றார் அக்கா.

"முட்டிடுங்கம்மா!"

"முட்டுனா என்னத்தான முட்டும்? வுடுங்க."

விட்டார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். காளையே வந்து மோந்து பார்த்தது. அதன் பிறகே தொட்டார். அது தலையைத் தாழ்த்தி அசைபோடத் தொடங்கியது. வாசலில் நின்ற ஒருவர், "தடவிக் குடுக்கறதுக்கு ஒரு டாக்டரா?" என்று கிண்டலடித்தார்.

"ஆமாங்க. ஊசி குத்தவும் நான்தான், தடவவும் நான்தான். எது புடிச்சிருக்குதுன்னு மாட்டையே கேளுங்க," என்றார் அக்கா. கருப்பன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அண்ணன் தங்கராசு அவர்களே! நீங்கள் அன்போடு வார்த்துச் சுட்டெடுத்த பீங்கான் சிலையைப் பார்த்தேன். அக்கா அப்படியே இருக்கிறார்! ஆனால் அதை எங்கே வைக்கப் போகிறீர்கள்? சிகிச்சை அறையின் நடுவில்! மாடு நின்ற இடத்தில் பீங்கான் நின்றால் மாடு எங்கே நிற்கும்? ஒரு கன்று துள்ளினால் சிலை உடையுமே என்று, மறுநாளே கன்றை வெளியே நிறுத்துவீர்கள். பொம்மை செய்கிற ஊர் என்பதற்காக மருத்துவரையும் பொம்மையாக்கிவிடுவதா? விடமாட்டேன்!

அந்தக் கை போய்விட்டதா? முதல் வரிசையில் இருக்கும் பூர்ணிமா, எழுந்து நில்! சுடாத பொம்மையைக் கைத்தடம் விழாமல் தூக்குகிற தொழிலாளி இவர். "எனக்கு ராசி இல்லக்கா," என்று ஒதுங்கியவரிடம் அக்கா என்ன சொன்னார்?

"எனக்கும் இல்ல. கைய வையி. அழுத்தாத."

பூர்ணிமா பழகினார். நானும் பழகினேன். எங்கள் கை தடுமாறும். தடுமாறட்டும், இன்னும் பழகுவோம். ராசி என்றால் அவரோடு போயிருக்கும். இது பழக்கம், போகாது!

சிலையை வாசலில் வையுங்கள். நானே முதல் மாலை போடுகிறேன். அறையைக் கேட்காதீர்கள்.

இப்போது மௌன அஞ்சலிக்கு எழப்போகிறோம். அதற்கு முன் ஒன்று. வெளியே பாஞ்சாலையம்மா, கழுத்தைத் திருப்ப முடியாத எருமையோடு நிற்கிறார். இறப்புச் செய்தி தெரியாமல் நடத்திக் கூட்டி வந்துவிட்டார். டாக்டரம்மா இல்லை, திரும்பிப் போங்கள் என்று உங்களில் யாரோ சொல்லியிருக்கிறீர்கள். இருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் நான் மேடையேறினேன்.

தங்கராசு அண்ணே, அறைச் சாவியக் குடுங்க. பூர்ணிமா, வா. முதலில் என்னவென்று பரிசோதிப்போம், பிறகு கை வைப்போம்.

நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்திருங்கள். சத்தம் மட்டும் போட்டுவிடாதீர்கள், எருமை மிரளும்.