தோடு போட்டுக்கொண்டு போகிறவர்

நாங்கள் விட்டுவந்த ஊரில் உள்நாட்டுச் சண்டை நின்றிருந்த காலம். டவுன்டவுன் போகும் காலை மெட்ரோவில் எனக்கு முன்னால் வேலைக்குப் போகும் இரண்டு தமிழ்ப் பெண்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் கையிலிருந்த பேப்பரை மடித்தேன்.

“சண்டை நேரம் எங்கடை வீட்டுக்குக் கதவே இல்லை. கழட்டி, ஷெல்லடிக்குப் பதுங்கிற பங்கருக்கு மேலை போட்டிட்டம். ஒரு கள்ளனும் வரேல்லை.”

“இப்ப?”

“இப்ப கதவு இருக்கு, கள்ளனும் வாறான். போன மாசம் கத்தியோடை வந்து தங்கச்சியின்ரை காதைக் கிழிச்சுத் தோட்டைக் கொண்டு போயிட்டான்.”

“ஐயோ! அப்ப உண்மைதான், அங்கை வெட்டுக்குத்து கூடிப்போச்சு.”

“கூடினதோ, முந்தி ஒருத்தரும் பதிஞ்சு எழுதேல்லையோ, ஆருக்குத் தெரியும்? சண்டைக்குள்ளை ஆரிட்டைப் போய் முறைப்பாடு குடுக்கிறது? தங்கச்சி இப்ப பொலிசுக்குப் போய் ஆளை அடையாளமும் காட்டிட்டாள். அவன்ரை ஆக்கள் வாபஸ் வாங்கச் சொல்லி வெருட்டுறாங்கள்.”

“வாங்கச் சொல்லுங்கோ அக்கா. உயிரெல்லோ பெரிசு.”

“நானும் அதைத்தான் போனிலை சொன்னனான். ‘நான் வாபஸ் வாங்கினால் களவு குறைஞ்சு போச்செண்டு பொலிசிலை எழுதுவாங்கள். மற்றக் காது இருக்குத்தானே, நான் வழக்குக்குப் போவன்’ எண்டாள்.”

மூத்தவர் கைப்பையை மடியில் எடுத்து வைத்தார்.

“அவளுக்குப் பக்கத்திலை நிக்க ஒராள் வேணும். நான் ஊருக்கு டிக்கெட் போட்டிட்டன்.”

“அப்ப நகையெல்லாம் கழட்டி வைச்சிட்டுப் போங்கோ அக்கா.”

கதவு திறந்தது. மூத்தவர் எழுந்தார்.

“தோடு போட்டுக்கொண்டுதான் போறன்.”