கடைசி ரீலில் கதவு திறக்காது

காப்பியைக் குடியுங்கள், சார்ஜெண்ட் இபாரா, ஆறிவிடப் போகிறது. பாலும் சர்க்கரையும்தான் போட்டிருக்கிறேன். பழைய படங்களில் என்னைப் போல ஒரு கிழவி காப்பி நீட்டினால் அதில் மூன்றாவதாக ஒன்று கட்டாயம் இருக்கும். அந்தப் படங்களை நீங்கள் பார்த்ததே இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டீர்கள், அதனால்தான் இவ்வளவு நிம்மதியாகக் கோப்பையைத் தூக்குகிறீர்கள். ஹாலிவுட்டில் பிறந்து, ஹாலிவுட்டிலேயே போலீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு, இந்த வயதுவரை ஒரு கறுப்பு வெள்ளைப் படம்கூடக் கண்ணில் படாமல் தப்பித்திருக்கிறீர்கள். பெரிய சாமர்த்தியம்தான்.

நீங்கள் வந்தது கோட்டுக்காக. செத்துப்போன கிளைட் பெம்பர்டனின் கோட்டு. அண்ணன் கோட்டில்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே போகமாட்டாரே, அது எங்கே என்று ஒஹையோவிலிருந்து அவருடைய தங்கை போன் செய்து கேட்டாள். நீங்கள் வெஸ்பர் தியேட்டரில் விசாரித்தீர்கள். மேனேஜர் லூ, "வெர்னாவைக் கேளுங்க, விட்டுட்டுப் போன சாமானெல்லாம் அந்தம்மாகிட்டதான் இருக்கும்" என்று இங்கே அனுப்பிவிட்டார். அதோ அலமாரியில் தொங்குகிறது, தாராளமாக எடுத்துப் போகலாம். ஆனால் அது என்னிடம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. துப்புத் துலக்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதுதான். பரவாயில்லை, நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலையை நான் செய்கிறேனே என்று மனம் நோகாதீர்கள்.

வெஸ்பரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் பழைய பட ரசிகர் சங்கம் இரண்டு படம் போடும். முதலில் ஒரு சிரிப்புப் படம், இடைவேளை, பிறகு ஒரு மர்மப் படம். வரிசை அதுதான், மாறாது. சிரித்து வயிறு இளகின பிறகுதான் பயம் சரியாக உட்காரும். படம் தொடங்குமுன் மேடையேறி அதைப் பற்றி நாலு வார்த்தை பேசுகிறவள் பல வருஷம் நானாகத்தான் இருந்தேன். ஸ்டூடியோவில் வசனம் டைப் அடித்த கை இது. ஊரே வயிறு வலிக்கச் சிரித்த ஹாஸ்யமெல்லாம் முதலில் என் விரல் வழியாகத்தான் போயிற்று. வாளியில் கால் மாட்டிக்கொண்டவனைப் பார்த்துச் சிரிக்கும்போது வாளியைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். வாளியில் காலே இல்லை என்பதுபோல அவன் நடந்து காட்டுகிற கௌரவம் இருக்கிறதே, அதில்தான் சிரிப்பு. இதை நான் மேடையில் விளக்கும்போது பாதிப் பேர் பாப்கார்ன் வாங்கப் போய்விடுவார்கள்.

அப்புறம் பெம்பர்டன் வந்தார். கோட்டும் உள்கோட்டுமாக முழுச் சூட்டு, பாக்கெட்டில் பட்டுக் கைக்குட்டை, பேசும்போது ஒரு புருவம் மட்டும் ஏறும். அவர் பேசினால் பாப்கார்ன் விற்கிறவளே கடையை விட்டுவிட்டு வந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். சங்கம் கூடி, இனிமேல் அவரே பேசட்டும் என்று முடிவு செய்தது. எனக்கு ஒரு ஸ்டூலும் டார்ச்சும் கொடுத்து, கதவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இதில் எனக்குத் துளிகூட வருத்தமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்தீர்களா? நல்லது.

எனக்கு இருந்த குறை வேறு. அந்த மனிதர் ஹாஸ்யம் வருவதற்கு அரை நொடி முன்பே சிரிப்பார். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்று சொல்கிற சிரிப்பு. மர்மப் படத்தில் அதைவிட மோசம். கொலையாளி முதல் காட்சியில் தலையைக் காட்டியதும் தொண்டையைக் கனைப்பார். கொலைகாரனைக் கண்டுபிடிக்கத்தான் நாங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறோம், அவர் ஒரு கனைப்பில் கதையை முடித்துவிடுவார்.

இனி அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் 'பச்சைத் திரை வீடு'. ஜன்னல் திரை பச்சை என்று அவர்களே சொன்னால்தான் உண்டு, கறுப்பு வெள்ளையில் நாம் எங்கே கண்டோம். மாளிகை, செத்துக் கிடக்கும் கோடீஸ்வரர், சந்தேகப்பட நாலைந்து பேர். நான் சிறுமியாக இருந்தபோது அது வந்தது. கடைசியில் துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்து, "கொலை பண்ணினவர் இந்த ரூம்லதான் இருக்கார்" என்பார். வெளியே யாரோ கதவைத் தட்டுவார்கள். சரியாக அந்த நேரத்தில் என் தம்பி முன்வரிசைப் பெண்மணியின் தொப்பியில் வாந்தி எடுத்தான். அம்மா எங்கள் இருவரையும் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். மறுநாள் தியேட்டரில் படத்தை மாற்றிவிட்டார்கள். சில வருஷத்தில் ஸ்டூடியோ கிடங்கு தீப்பிடித்து எல்லாப் பிரதியும் சாம்பலாகிவிட்டது. யார் கொன்றது என்று தெரியாமலே நான் ஐம்பது வருஷம் வாழ்ந்தேன். சிரிக்காதீர்கள். கல்யாணம் ஆகவில்லையே என்று நான் ஒரு நாளும் அழுததில்லை, இதற்கு அழுதிருக்கிறேன்.

கனடாவில் ஏதோ சர்ச்சின் நிலவறையில் ஒரு பிரதி கிடைத்தது. கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான். அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டும் வந்துவிட்டார். அடுத்த வாரம் தியேட்டர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வெர்னா டார்லிங், நர்ஸ்தான்னு நினைக்கிறியா?"

"பேசாதீங்க, பெம்பர்டன்."

"டாக்டரா? சமையல்காரியா? சரி, ஒரே ஒரு குறிப்பு குடுக்கட்டுமா?"

"உங்க கால்ல வேணா விழறேன். வாயைத் திறக்காதீங்க."

"அட, அம்பது வருஷம் தாங்கினவளுக்கு ஒரு வாரம் தாங்காதா? ஞாயித்துக்கிழமை மேடையிலயே போட்டு உடைச்சிடறேன் பாரு. முடிவு தெரிஞ்சுக்கிட்டு பாத்தாதாம்மா படத்தோட அருமை புரியும். ரசனைன்னா அதுதான்."

நியாயமாகச் சொல்லுங்கள், இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? ஒன்றும் பெரிதாக யோசிக்கவில்லை. எனக்குப் போன கடைசி ரீல் அவர் கதையிலும் போகட்டும், அவ்வளவுதான். கணக்குச் சரியாகிவிடும்.

ஆனால் அந்த ஞாயிறு மேடையில் அவர் சொல்லவில்லை. கொலையாளியின் பெயரைச் சொல்லப் போவதுபோல மூச்சை இழுத்து, புருவத்தை ஏற்றி, கூட்டம் காதைப் பொத்திக்கொண்டதும் சிரித்துவிட்டு இறங்கிவிட்டார். என் ஸ்டூலைத் தாண்டும்போது குனிந்து, "உனக்காகத்தான் சொல்லலை, டார்லிங். நல்லா பாரு, அருமையான முடிவு" என்றார். குரலில் கேலி இல்லை. அது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏற்பாடுகளெல்லாம் செய்து முடித்த பிறகு வந்து நல்லவராக நடந்துகொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

இடைவேளையில் ஒரு பெரிய கிளாஸ் எலுமிச்சை ஜூஸை எடுத்து வரும்போது கம்பளத்தில் கால் தடுக்கி அதை அப்படியே அவர் கோட்டில் கொட்டினேன். பழைய படம் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா, அரங்கமே கைதட்டியது. தடுக்கி விழுவதில் நேரம் முக்கியம். எனக்கு நன்றாகவே வாய்த்தது. "குடுங்க, உலர்த்தித் தர்றேன்" என்று கோட்டை வாங்கிக்கொண்டேன். உள் பாக்கெட்டில் அவருடைய நெஞ்சுவலி மாத்திரை இருக்கும் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாலு பேர் பார்க்கும்படி அந்தக் குப்பியைக் குலுக்கிக் குலுக்கித்தான் அவர் மாத்திரை போட்டுக்கொள்வார்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ரீல் முடியப் போகிறது என்றால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், ஆபரேட்டருக்கான அடையாளம். கடைசி ரீலுக்கு முந்தின புள்ளி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் காதில் போய்ச் சொன்னேன்: "லூ ரூம்ல உங்களுக்கு போன். ஒஹையோவிலேர்ந்து. உங்க தங்கச்சிக்கு என்னமோ ஆயிடுச்சாம்."

லூவின் அறை மாடியில், செங்குத்தான படி. தங்கை என்றால் அவருக்கு உயிர், இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறும் சத்தம் கேட்டது. போன் ரிசீவரை நான் முன்பே எடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன். லூ அரங்கத்துக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தார், டிக்கெட் கிழிக்கிறவன், பாப்கார்ன்காரி எல்லோரும் உள்ளேதான். அந்தப் படத்தை யார் விடுவார்கள்? புள்ளி மின்னியது. நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

இது விதி, சார்ஜெண்ட். மர்மப் படத்துக்குக் கடைசி ரீலில் கதவு திறக்காது. முன்கூடத்தில் பலகையே இருக்கிறது, பெயின்ட் அடித்து எழுதியவள் நான். உள்ளே வர அந்த ஒரு கதவுதான்.

திரையில் துப்பறிபவர் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தபோது தட்டல் கேட்டது.

"வெர்னா, கதவைத் திற. போன்ல யாருமே இல்ல."

படம் ஓடும்போது பேசக் கூடாது.

"வெர்னா, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது. என் கோட்டு உன்கிட்டதானே இருக்கு?"

என் மடியில்தான் இருந்தது. ஈரம் காயவில்லை. குப்பி என் கையில் இருந்தது, சத்தம் வரக் கூடாதென்று இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"அந்தக் குப்பியை மட்டும் கதவிடுக்குல குடுத்துடும்மா. நான் படம்கூடப் பாக்க வேணாம்."

அவர் தெருவுக்குப் போய் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். மாத்திரை இரண்டடி தூரத்தில் இருக்கும்போது எதற்கு என்று நினைத்திருப்பார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று நம்பினார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொலையாளியின் பெயரை அவர் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அவர் வாயை மூடவாவது நான் திறந்திருப்பேன். கடைசிவரை கத்தவில்லை. அந்த நாகரிகத்தை நான் மனதார மெச்சுகிறேன்.

அந்த நேரம் பார்த்துத் திரையிலும் கதவு தட்டுகிற காட்சி. கடைசி வரிசை கோர்ஸ்கி அம்மாள் என் பக்கம் திரும்பி, "சவுண்டு என்ன தெளிவு பாத்தியா? பின்னாடியே வந்து தட்டற மாதிரி இருக்கு" என்று கிசுகிசுத்தாள். யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் படத்திலும் தட்டல் நின்றது, வெளியிலும் நின்றது. எது முதலில் நின்றது என்று எனக்குத் தெரியும்.

படம் முடிந்து, கைதட்டி, விளக்கெல்லாம் எரிந்த பிறகு தாழ்ப்பாளை எடுத்தேன். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் அப்படியே உள்ளே சரிந்து விழுந்தார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்புப் படம் பார்த்த பழக்கம். எப்போதும் முந்திக்கொண்டு சிரிக்கிறவருக்கு அன்று மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்.

குழப்பத்தில் மாடி போனைச் சரியாக வைத்துவிட்டு வந்தேன். டாக்டர் இருதய நோய் என்று எழுதினார். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்து, பலகையைப் படித்து, "ரூல்னா ரூல்தான், பாவம்" என்று போய்விட்டார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். சங்கத்தில் மேடைப் பேச்சை எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள். முதல் பேச்சே பெம்பர்டனின் ரசனையைப் பற்றி. ஒருவர்கூடப் பாப்கார்ன் வாங்கப் போகவில்லை.

காப்பியை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? அதில் ஒன்றுமில்லை என்றேனே.

"அந்தக் கதவை நீங்க கடைசி ரீல்ல ஒரு தடவைகூடத் திறந்ததில்லையா, மேடம்?"

பரவாயில்லையே, முதல் நல்ல கேள்வி. திறந்திருக்கிறேன். கோர்ஸ்கி அம்மாளால் ஒரு படம் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார முடியாது, வாரா வாரம் திறப்பேன். ஒரு தடவை தெருப் பூனை ஒன்று வெளியிலிருந்து பிராண்டியது, அதற்கும் திறந்தேன். விதி என்றால் விலக்கு இருக்கத்தானே செய்யும்.

நான் இதையெல்லாம் சொல்வது மனச்சாட்சி உறுத்தி அல்ல. அந்தப் படங்களில் குற்றவாளி தப்பவே கூடாது, முடிவதற்குள் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் அது கண்டிப்பு. உங்களை நம்பி உட்கார்ந்திருந்தால் என் படம் முடியாது என்று தோன்றியது. ஆமாம், கிளைட் பெம்பர்டனை நான்தான் கொன்றேன். மாத்திரையை எடுத்துக்கொண்டு, மாடி ஏற வைத்து, கதவைத் தாழ் போட்டு, தட்டல் நிற்கும்வரை உட்கார்ந்து கேட்டு, கொன்றேன். சினிமாவின்மேல் இருந்த மதிப்பால் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன கேட்கிறீர்கள்? ஓ. படத்தில் கொன்றது யார் என்றா?

தெரியாது. அன்று நான் திரையைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் கேட்டார்கள் என்று அடுத்த இரண்டு ஞாயிறும் அதே படத்தைப் போட்டார்கள். இரண்டு தடவையும் துப்பறிபவர் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிடுகிற வரைக்கும் நன்றாகத்தான் பார்த்தேன். தட்டல் கேட்டதும் தலை தானாகக் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது, விளக்கு எரிகிற வரைக்கும் திரும்பி வரவில்லை. யாரிடமாவது கேட்கலாமென்றால், உள்ளேதானே இருந்தாய் என்பார்கள்.

இதைக் குற்ற உணர்ச்சி, அது இது என்று எழுதிவிடாதீர்கள், சார்ஜெண்ட். ஸ்டூல் போட்டிருக்கிற இடம் சரியில்லை, அவ்வளவுதான்.